மின்வெட்டிலும் மணி ஒலிக்குமா?

கண்டி கொழும்பு வீதிக்கு அண்மையில் சிறியதொரு சைவ உணவகம் நடத்திவரும் நண்பரைச் சென்ற வாரம் காணச் சென்றிருந்தோம். எப்போதும் மலர்ந்த முகத்துடன் வரவேற்பவர், அன்று சோர்ந்து அமர்ந்திருந்தார். காரணம் வினவினோம். கம்பளையிலுள்ள திருமண வீட்டார், முந்நூறு பேருக்கு விருந்து சமைக்க வேண்டி மாலை முழுதும் அவரை அழைத்திருக்கின்றனர். மின்வெட்டினால் கடைத் தொலைபேசியோ ஊமையாகிக் கிடந்தது. விருந்து வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

"பழைய தொலைபேசி இருட்டிலும் பேசிற்றே ஐயா! மாதம் சில நூறு ரூபாய் மிச்சமென்று எண்ணி இணையத் தொலைபேசிக்கு மாறினேன்" என்று அவர் வருந்தினார்.

அவர் கூற்று மெய்யே. பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழி வந்தது. இணையத் தொலைபேசியோ கடையிலுள்ள ரவுட்டரை நம்பியிருப்பது. கடையில் விளக்கு அணைந்தால் ரவுட்டரும் அணையும், அழைப்பும் நின்றுவிடும். ஆகவே, சிறு வியாபாரி சேவை நிறுவனத்தைத் தெரிவு செய்யுமுன் கேட்கவேண்டிய முதற் கேள்வி விலையன்று. மின்சாரமற்ற வேளையில் நிலை யாது என்பதே.

இணையத் தொலைபேசி நமது குரலை ஏறக்குறைய 20 மில்லி செக்கன் அளவான துண்டுகளாக நறுக்கி அனுப்புகின்றது. ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் செக்கனுக்கு 100 கிலோபிட் வேகமே போதுமானது. ஆதலால் விளம்பரங்கள் முழங்கும் பெருவேகம் இங்கு முக்கியமன்று. துண்டுகள் தவறாது, ஒரே சீராக வந்து சேர வேண்டும். தாமதம் 150 மில்லி செக்கனை மிகுதியும் கடந்தால் இருவரும் ஒரே வேளையில் பேசி இடறுவர்.

மலைநாட்டிற்கென்று தனிக் கவலையும் உண்டு. கோபுரத்தின் அலையை நம்பும் இணைப்பு, ஹந்தானைச் சரிவிலோ கலஹா வழியிலோ ஒரு குன்று மறைத்தாலும் நலியும். நீண்ட மின்தடையில் கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்துவிடலாம். கண்ணாடியிழை இணைப்புக்கோ இடைவழியில் பெரும்பாலும் மின்சாரம் வேண்டியதில்லை. கடையிலுள்ள கருவிகளுக்குச் சிறியதொரு யூ.பி.எஸ். வைத்தால் பெரும்பாலும் போதுமானது. ஆயினும் மண்சரிவு இழையையே அறுத்துவிடக்கூடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது கண்டி மாவட்டத்தில் எத்தனையோ ஊர்கள் தொடர்பிழந்து தவித்ததை நாம் மறத்தற்கில்லை. எனவே இரண்டாவது வழியொன்று, இயலுமாயின் வேறு நிறுவனத்தினுடையதாக, இருத்தல் நன்று.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் பின்வருவனவற்றையும் கேளுங்கள். கடை இணைப்பு அறுந்தால் அழைப்பு தானாகவே கைத்தொலைபேசிக்குத் திரும்புமா? 081 எனத் தொடங்கும் இலக்கம் யார் பெயரில் பதிவாகும்? நிறுவனத்தை விட்டு விலகினால் அவ்விலக்கம் நம்முடன் வருமா? பழுதை எத்தனை மணி நேரத்திற்குள் திருத்துவர்? முறையிட்டால் தமிழிலே மறுமொழி கிடைக்குமா? வாய்ச்சொல்லை நம்பாது, விடைகளை எழுத்தில் பெறுங்கள். நியாயம் கிடையாவிடின் முறையிடுவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கின்றது.

வீட்டிலே உயர்வகுப்பு மாணவர் இருப்பின், பரிசோதனையை அவர்களிடமே ஒப்படைக்கலாம். அயற்கடைகளில் எந்த நிறுவனத்தின் சேவை உள்ளதென விசாரித்து, இரவு எட்டு மணியளவில் ஒருமுறையும், அடைமழை நாளில் ஒருமுறையும், பிரதான ஆளியை அணைத்துவிட்டு ஒருமுறையும் பத்து நிமிடம் பேசிப் பார்த்துக் குறித்து வரட்டும். விளம்பரம் சொல்லாததை அக்குறிப்பு சொல்லும்.

நண்பர் மறுநாளே யூ.பி.எஸ். ஒன்று வாங்கினார். அதன் விலை, கைநழுவிய விருந்தின் இலாபத்தில் ஒரு சிறு பங்குதான் என்றார். பழகிய வாடிக்கையாளர் மறுமுறையும் அழைப்பர். புதியவரோ மணி ஒலிக்காத கடையை விட்டு அடுத்த கடையை அழைப்பர்.