அவையடக்கம் வேறு, தன்னிழிவு வேறு

ஜெயமங்கலத்தில் எம் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். ஆட்டிறைச்சி பிரியாணியைத் தட்டு நிறையக் குவித்துவிட்டு, "ஏதோ எங்களால் முடிந்த கஞ்சி, குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார் வீட்டுக்காரர். அதனைக் கஞ்சியென்று நம்பியவர் பந்தியில் ஒருவரும் இலர். சொன்னவரும் கேட்டவரும் உண்மையை அறிந்திருந்தமையால் அப்பணிவு இனித்தது.

தம்மைத் தாமே எள்ளி நகுதல் ஆங்கிலேயருக்கும் கைவந்த கலை. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், 'கேன்டர்பரி கதைகள்' நூலில் தம்மையும் ஒரு பயணியாக அமைத்தார். அப்பயணி பாடும் கதையைக் கேட்கப் பொறாத விடுதிக்காரர் இடையிலேயே நிறுத்திவிடுகிறார். நூல் முழுவதையும் இயற்றியவரே அந்நூலுள் மட்டமான பாடகராக நிற்கிறார்!

நம் புலவர்கள் இதனை அவையடக்கம் என்றனர். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைக் கண்டார் கம்பர். பெருங்காற்றின் முன் எறும்பு விடும் மூச்சாகத் தம் பாடலைக் கண்டார் சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர். ஆயினும் இருவரும் எழுத்தாணியைக் கீழே வைத்தாரல்லர். முன்னவர் பதினாயிரத்தையும் பின்னவர் ஐயாயிரத்தையும் கடந்து பாடினர். தம்மைத் தாழ்த்தினரேயன்றித் தம் பணியைத் தாழ்த்தினாரல்லர்.

இன்று நம் மாணவரிடம் காண்பது யாது? சீறாவின் ஹிஜ்றத்துக் காண்டத்தை முழுதும் பயின்ற மாணவர் ஒருவர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். "என்ன படித்தீர்கள்?" என்ற வினாவுக்கு, "சும்மா தமிழ்தான் சார்" என்றாராம். தேர்வாளர் அதனை அப்படியே நம்பிவிட்டார். அங்கே பந்தியும் இல்லை. பிரியாணியைக் கண்ணால் கண்டவரும் இல்லை.

பெருமை இறைவனுக்கே உரியது என்பர் நம் பெரியோர். அதில் நமக்கு மாறுபாடில்லை. தற்புகழ்ச்சி தகாது என்றே நன்னூலாரும் விதித்தார். ஆனால் அவரே நான்கு இடங்களை விலக்காக்கினார்: அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிரி தன்னைப் பழிக்கும்போதும் புலவன் தன்னைப் புகழலாம். வேலை கோரும் விண்ணப்பம் இக்காலத்து ஓலையன்றோ? தேர்வாளர் நம் ஆற்றலை அறியாதாரன்றோ? கற்றதைக் கற்றேன் என்பது செருக்கன்று; சான்று.

குற்றம் மாணவருடையது மட்டுமன்று. "வேறெங்கும் இடம் கிடைக்காமல் தமிழுக்கு வந்தவர்கள்தானே நாம்" என்று வகுப்பில் நாமே நகையாடியதுண்டு. மாணவரும் சிரித்தனர். அச்சிரிப்பில் பாதி நம்பிக்கையாக அவர்கள் நெஞ்சில் தங்கிவிட்டதை நாம் உணரவில்லை. இனி அந்நகைச்சுவையை நாம் சொல்வதற்கில்லை. நம் குறைகளைச் சொல்லி நகுவோம். நம் கல்வியைச் சொல்லி நகுதல் வேண்டா.