கூட்டிப் பெருக்கினால் போதுமா?

கோல சிலாங்கூர் வட்டாரத்திலும் அதற்கு வடக்கேயுள்ள தோட்டப்புறங்களிலும் மாணவர் முகாம் என்றால், அதற்கென ஒரு நடைமுறை வேரூன்றிவிட்டது. கூடாரம் அடித்தல், அணிவகுத்தல், கயிற்றில் முடிச்சுப் போடுதல், இரவில் தீ மூட்டி அதனைச் சுற்றிப் பாடுதல், இறுதி நாளன்று இடத்தைத் துப்புரவு செய்தல் ஆகியவையே அந்நடைமுறை. இக்கடைசிச் செயலுக்கே 'இயற்கைப் பாதுகாப்பு' என்னும் பெயர் சூட்டப்படுகிறது. முகாம்கள் பலவற்றில் மாணவர்கள் உதிர்ந்த இலைகளைக் கூட்டுகின்றனர்; புல்லைச் செதுக்குகின்றனர்; யாவற்றையும் ஓரிடத்தில் குவித்துக் கொளுத்துகின்றனர். தரை பளிச்சென்று தெரிகிறது. பொறுப்பாசிரியர் மகிழ்கிறார், படம் எடுக்கப்படுகிறது, புறப்பாட அறிக்கையும் நிறைவு பெறுகிறது.

கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இச்செயல் பிழையான பாடமாகும். தூய்மை என்பது வேறு. வந்த தடம் தெரியாமல் திரும்புவது என்பது வேறு. முன்னது வீட்டுக்கும் வகுப்பறைக்கும் உரிய அறம். பின்னதே காட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் உரியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கற்பிக்கும் முகாம், இயற்கையைக் காப்பதாக எண்ணிக்கொண்டே அதனைச் சிதைக்கப் பழக்குகிறது.

இம்மயக்கம் எங்கிருந்து வந்தது? தோட்ட வரலாற்றிலிருந்தே வந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரத் துரைமார் பால்மரங்களுக்கிடையே ஒரு புல்லும் தலைகாட்டக் கூடாதென ஆணையிட்டனர். மண்வெட்டி பிடித்து அவ்வாணையை நிறைவேற்றியவர்கள் கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளர்கள். வெறுந்தரையே நல்ல தோட்டத்தின் இலக்கணம் என்று கருதப்பட்டது. விளைவு என்ன? போர்வை இழந்த மேல்மண் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து ஓடியது. பின்னர் அத்துரைமாரே தம் தவற்றை உணர்ந்து, நிலத்தை மூடிப் படரும் பயற்றங்கொடிகளை மரங்களுக்கிடையே வளர்க்கலாயினர். தோட்ட நிர்வாகம் கைவிட்ட கொள்கையை முகாம் இன்றும் கைவிடவில்லை என்பது வியப்புக்குரியது அன்றோ?

உதிர்ந்த இலை குப்பை அன்று. சிலாங்கூர் ஆற்றின் கரையில், கம்போங் குவாந்தானில், இரவுதோறும் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒருசேர மின்னுவதைக் காண உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அம்மின்மினியின் வாழ்வு மரத்தில் தொடங்குவதில்லை. தாய்ப்பூச்சி கரையோர ஈரமண்ணில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு அவ்வீரத்தரையிலேயே, இலைச்சருகுகளிடையே சிறு நத்தைகளை உண்டு வளர்கிறது, மண்ணிலேயே கூட்டுப்புழுவாகிறது. சிறகு முளைத்த பின்னரே அது மரத்தை நாடுகிறது. மிதிபட்ட கரையும் பெருக்கிய தரையும் நாளைய ஒளியை இன்றே அணைத்துவிடும். மின்மினியின் ஒளி அதன் காதல் மொழி. கைவிளக்கை அதன்மீது பாய்ச்சும் சிறுவன், இருவர் உரையாடலின் நடுவே கூச்சலிடுபவனை ஒத்தவன். ஆயின், அச்சிறுவனைக் குறை கூறுவதில் பொருளில்லை. அவனுக்கு அதனை எவரும் சொல்லவில்லை.

புக்கிட் மலாவத்தியில் நிகழ்வதும் இத்தகையதே. அங்கு வாழும் வெள்ளிமுடிக் குரங்கை மலாய்மொழியில் லோத்தோங் என்பர். இலைகளையே முதன்மையாக உண்ணும் அவ்விலங்கின் இரைப்பை, இலைகளை நொதிக்க வைத்துச் செரிப்பதற்கென்றே பல அறைகளாக அமைந்தது. அதற்கு ரொட்டியும் கடலையும் கொடுப்பதை இரக்கம் என்று பிள்ளைகள் நம்புகின்றனர். அடிவாரத்திலுள்ள இயற்கைப் பூங்கா 1987இல் மாநில அரசும் மலேசிய இயற்கைக் கழகமும் கைகோத்ததால் உருவானது. அதனையடுத்த சேற்றுப் பரப்புக்குச் செப்டம்பர் முதல் மார்ச் வரை வடபுலத்திலிருந்து பல்லாயிரம் கல் தொலைவைக் கடந்து பறவைகள் இரைதேடி வருகின்றன. மாணவர் கூட்டம் ஆரவாரத்துடன் ஓடி அவற்றை எழுப்பும்போதெல்லாம், திரும்பும் பயணத்துக்கென அவை சேமிக்கும் வலு வீணாகிறது. ஒரு கல்லும் எறியாமலே ஒரு பறவைக்குத் தீங்கிழைக்கலாம் என்பது எத்தனை முகாம்களில் கற்பிக்கப்படுகிறது?

அடுத்து, முகாமின் மணிமகுடமாகக் கருதப்படும் தீமூட்டம். வட சிலாங்கூரில் ராஜா மூசா, சுங்கை காராங் காப்புக்காடுகளாக 70,000 எக்டேருக்கு மேல் பரந்து கிடப்பது சதுப்புக்காடு. அதன் தரை, மலாயில் 'காம்புட்' எனப்படும் மக்கிய மண். இலையும் வேரும் கிளையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறி உருவான அம்மண், வடிகால் வெட்டி நீர் வற்றியவுடன் தானே விறகாகிவிடுகிறது. மேலே அணைந்ததாகத் தோன்றும் நெருப்பு அடியில் வாரக்கணக்கில் கனன்று, வேறோரிடத்தில் புகையாக எழும். ராஜா மூசா காட்டில் எரிந்த பகுதிகளை மீட்க 2008 முதல் வாய்க்கால்களை அடைத்தும் கன்றுகளை நட்டும் வனத்துறையினரும் தொண்டர்களும் உழைத்து வந்துள்ளனர். 2005 ஆகஸ்டில் கோல சிலாங்கூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐக் கடந்து, அவசரநிலை அறிவிக்கப்பட்டதையும் இவ்வட்டார மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்புகையின் பெரும்பகுதி சுமத்திராவிலிருந்து வந்தது. ஆயினும், மக்கிய மண் எரிந்தால் மாந்தர் மூச்சுக்கு என்ன நேரும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இத்தகைய நிலத்தருகே விறகடுக்கித் தீ வளர்ப்பதை மரபென்று போற்றுவது அறிவுடைமையாகுமா?

இங்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். தோட்டப் பிள்ளை இயற்கையின் மடியில் பிறந்தவன், அவனுக்கு இயற்கையைக் கற்பிக்க வேண்டுமோ என்பது முதலாவது. கேட்பதற்கு இனிய கூற்று; உண்மைக்குப் புறம்பானது. ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் அவன் கண்டது வரிசை பிடித்து நிற்கும் ஒரே மரம்: பாட்டன் காலத்தில் ரப்பர், தந்தை காலத்தில் செம்பனை. அம்மரங்களின் அடியில் களைக்கொல்லி தெளித்தவர்களுள் தமிழ்த் தாய்மார் பலர். அவர்கள் முதுகில் சுமந்த பாராகுவாட் என்னும் நஞ்சு 2020ஆம் ஆண்டிலேதான் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. இதனை இயற்கையின் மடி என்பது அம்மக்களின் துயரையே மறைப்பதாகும். தோட்டத்தை விட்டு நகர்ப்புற அடுக்கு வீடுகளுக்குப் பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கோ அம்மரமும் இல்லை.

இரண்டாவது மறுப்பு வலிவுடையது. ஆற்றங்கரை மரங்களை வெட்டித் தோட்டமாக்கியவர்கள் இருக்க, கழிவுநீரை ஆற்றில் விடும் ஆலைகள் இருக்க, ஒரு சிறுவன் எறியும் மிட்டாய்த் தாளையா பெரிதுபடுத்துவது என்று கேட்பர். சிறுவனின் தாளால் ஆறு கெடவில்லை என்பது உண்மையே. பெருங்கேடு செய்தவர்களின் பொறுப்பைப் பிள்ளைகளின் தலையில் சுமத்துவது அநீதி. ஆனால், இம்மறுப்பு மறந்துவிடும் ஒன்றுண்டு. கரையில் வாழும் புழுவை அறிந்த பிள்ளையே நாளை அக்கரை வெட்டப்படும்போது 'ஏன்?' என்று கேட்பான். அறியாதவன் அதனை வெறும் புதரென்றே காண்பான். வெட்டியதும் இடம் துப்புரவாயிற்று என்று பாராட்டவும் செய்வான்! கூட்டிப் பெருக்குவதையே கற்ற கண்ணுக்குக் காடழிப்பும் ஒரு துப்புரவுப் பணியாகத் தோன்றும் என்பதே இங்குள்ள பேரிடர்.

அமெரிக்காவில் தடம் விடாமல் முகாமிடுவதற்கென ஏழு நெறிகளை வகுத்துள்ளனர். முன்கூட்டித் திட்டமிடுதல், தாங்கும் தரையில் தங்குதல், கழிவை முறையாக அகற்றுதல், கண்டதைக் கண்டவாறே விடுதல், தீயின் கேட்டைக் குறைத்தல், உயிரினங்களை மதித்தல், பிறரை மதித்தல் என்பவை அவை. அவற்றை மனப்பாடம் செய்வித்து வினாத்தாளில் கேட்பதால் பயனில்லை. இம்மண்ணுக்கேற்ப அவற்றைப் பெயர்த்துச் சொல்ல வேண்டியது ஆசிரியர் கடன். அங்கே பாறைமீது கூடாரம் அடி என்பர். சேறும் சதுப்புமான இவ்வட்டாரத்தில் தாங்கும் தரை என்பது பள்ளித் திடலும் பலகைப் பாதையுமே. அங்கே தீயைச் சிறிதாக்கு என்பர்; மக்கிய மண்ணருகே தீயே கூடாது, எரிவாயு அடுப்பு போதும் என்பதே நெறி. நெகிழிப் பொட்டலத்துக்கு மாற்றாகப் பாட்டன் வெளிக்காட்டுக்கு எடுத்துச் சென்ற தூக்குச்சட்டி இருக்கிறது. கொசுவுக்கு முழுக்கைச் சட்டை இருக்கிறது. கைவிளக்கை மறைக்கச் சிவப்புத் தாள் இருக்கிறது. செலவு மிகுந்த செயல் இவற்றுள் ஒன்றேனும் உண்டா?

குறை பிள்ளைகளிடத்தில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது. முகாமை நடத்தப் பழகும் இளம் ஆசிரியர் வருகைப் பதிவும் உணவுப் பட்டியலும் முதலுதவிப் பெட்டியும் தயாரிக்கக் கற்கிறார். 'நாங்கள் சென்ற பின் இவ்விடம் எவ்வாறிருக்கும்?' என்னும் வினாவுக்கும் முகாம் திட்டத்தில் ஓர் இடம் வேண்டும். முகாமிடும் முன் மாணவர்களே அவ்விடத்தின் சருகு, நண்டுவளை, புல், பறவை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளட்டும். புறப்படும்போது அதே ஏட்டைக் கையிலேந்தி மீண்டும் பார்க்கட்டும். மாறாதிருப்பதற்கே மதிப்பெண் வழங்கப்படட்டும். கொண்டுவந்த குப்பை ஒவ்வொன்றும் கொண்டுவந்தவர் பையிலேயே திரும்பட்டும். சருகு மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

தரையை வெறுமையாக்கும் வேலைக்கென்று இந்நாட்டுக்கு அழைத்து வரப்பட்டது ஒரு தலைமுறை. அவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. அவர்கள் கையில் முகாமின் பெயரால் மீண்டும் துடைப்பத்தையும் தீக்குச்சியையும் கொடுப்பதை ஆசிரியப் பெருமக்கள் இனியேனும் நிறுத்த வேண்டும்.