வீரபாகுவுக்கு எத்தனை மார்க்?

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறாள். போன வாரம் ஒரு கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லிக் கொண்டுவந்தாள். தலைப்பு: 'அரிச்சந்திர நாடகத்தில் வாய்மையின் சிறப்பு.' ஆறு பக்கம். சத்தியம் தவறாத ராஜா, விசுவாமித்திரரின் கொடுமை, சந்திரமதியின் கற்பு என்று எல்லாம் நோட்ஸில் உள்ளபடி. நாலாம் பக்கத்தில் மட்டும் ஒரு பத்தியை அவளே கோடு போட்டு அடித்திருந்தாள். கோட்டுக்கு அடியில் படித்தேன். 'சுடுகாட்டு வேலை அரிச்சந்திரனுக்குச் சோதனை. வீரபாகுவுக்கு அது பிறப்பு. இதை ஏன் யாரும் கேட்கவில்லை?'

"ஏம்மா அடிச்சே?"

"மார்க் போயிடும்ண்ணா. பாடத்துக்கு வெளிய எழுதினா ஒத்துக்க மாட்டாங்க."

அவள் அப்பா சுடுகாட்டில் வேலை பார்க்கிறவர்.

தோழர்களே, அடிக்கப்பட்ட அந்தப் பத்திதான் விமர்சனம். மிச்சமெல்லாம் பஜனை.

நானும் ஒருகாலத்தில் இதே பஜனையைப் பாடிப் பட்டம் வாங்கியவன்தான். ஆனால் இந்தக் கதை எனக்கு வகுப்பறையில் வந்ததல்ல. எங்க பெரியப்பா கருமாதியில் விடிய விடிய நடந்த மயான காண்டம் கூத்தில் வந்தது. விலைக்கு வாங்கிய ராஜாவை வீரபாகு அதட்டினபோது எங்க ஆயா முழங்கையால் இடித்து, "பார்றா, ராசாவையே வேல வாங்கறான் நம்மாளு" என்றாள். அந்த ஒரு வரிக்கு ஈடாக நான் பரீட்சையில் எதையும் எழுதியதில்லை.

காந்தி சிறுவயதில் அரிச்சந்திர நாடகம் பார்த்தார். அதை நினைத்து அடிக்கடி அழுததாகச் சத்திய சோதனையில் எழுதுகிறார். ராஜா சுடலை காத்தால் கண்ணீர் வருகிறது. தலைமுறை தலைமுறையாகச் சுடலை காப்பவனுக்கு யார் அழுதார்கள்? கடைசியில் தேவர்கள் வந்து ராஜாவுக்கு நாட்டைத் திருப்பித் தருகிறார்கள். மறுநாள் பிணம் வந்தால் எரிக்கப் போவது யார்?

இன்னும் ஒன்று. மார்க்கண்டேய புராணத்தில் அந்தச் சுடலைக்காரன் சண்டாளனே அல்ல, வேடமிட்டு வந்த தருமதேவன். அதாவது, ராஜாவை ஆள ஒரு சண்டாளனுக்குக் கதையில்கூட அனுமதியில்லை. பார்ப்பனியப் பிரதி நம் ஆளின் இடத்தையும் கடவுளுக்கே கொடுத்துவிட்டது. கூத்து பார்த்த ஆயாவோ அவனை 'நம்மாளு' என்று திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். புராணக் குப்பையைக் கொளுத்து என்கிற தோழர்கள் இந்தப் பிடுங்கலையும் சேர்த்துக் கொளுத்திவிடக் கூடாது.

இதெல்லாம் பாடத்துக்கு வெளியே என்பவர்களுக்குத் தாம்பரத்திலிருந்தே பதில் உண்டு. இங்குள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-இல்தான் நகரத்திலிருந்து இங்கே வந்தது. அதற்கு முன், 1877 முதல் 1907 வரை அதன் முதல்வராக இருந்த வில்லியம் மில்லர், ஷேக்ஸ்பியரின் லியர் அரசனையும் இந்திய அரசியலையும் சேர்த்துவைத்துத் தனிப் புத்தகமே எழுதினார். இங்கிலாந்து நாடகத்தை இந்திய அரசியலோடு சேர்த்துப் படிக்க ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியாருக்கு உரிமை இருந்தது. தமிழ் நாடகத்தைத் தன் அப்பனின் வேலையோடு சேர்த்துப் படிக்க இந்தப் பெண்ணுக்கு இல்லையா?

அழகியல் கெட்டுப்போகும் என்பார்கள். முழத்துண்டும் கால்பணமும் வீரபாகுவுக்கு, வாய்க்கரிசி அரிச்சந்திரனுக்கு என்று கூலிக் கணக்குப் பேசுவதே அந்த நாடகம்தான். வாய்மையைப் பற்றி ஆறு பக்கம் எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் படித்தார்களா? நாடகத்தை உன்னிப்பாகப் படித்தவள் அவள்தான்.

கே.ஏ.குணசேகரனின் 'பலி ஆடுகள்' போன்ற தலித் நாடகங்கள் பாடமாக வேண்டும், சரி. ஆனால் அதற்கும் 'தலித் எழுச்சியின் சிறப்பை விளக்குக' என்று கேட்டு ஒரு நோட்ஸ் போட்டால் அதுவும் பஜனைதான். நாடகத்தை மட்டும் மாற்றினால் போதாது, கேள்வியை மாற்ற வேண்டும்.

"அடிச்சதை மறுபடி எழுது, முதல் பத்தியா வை" என்றேன் அவளிடம். சொல்வது எனக்குச் சுலபம். மாசம் பிறந்தால் பேங்க்கில் சம்பளம் வருகிறது. மார்க் போனால் எம்.ஏ. சீட்டு போவது அவளுக்கு. அவள் தைரியத்தை மட்டும் நம்பி நாம் கைகட்டி நிற்பது அயோக்கியத்தனம். கல்லூரியில் பாடம் நடத்தும் தோழர்களே, நீங்கள் வைக்கிற உள்தேர்விலாவது 'வீரபாகுவின் தரப்பில் எழுதுக' என்று ஒரு கேள்வி கேளுங்கள். மாணவத் தோழர்களே, நீங்கள் அடித்துவிட்ட பத்திகளை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.

கட்டுரையைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டுமாம். யோசிச்சுச் சொல்றேன்ண்ணா என்று போயிருக்கிறாள்.