பனியனில் ஏறிய புலி

சென்ற மாதம் நமது வீட்டுக்கு இரண்டு புலிகள் வந்து சேர்ந்தன. நேயர்கள் கதவைத் தாழிட வேண்டியதில்லை. இரண்டும் கறுப்பு டீ-ஷர்ட்டின் மார்பில் அச்சிட்ட புலிகள். நம் தமக்கையின் புதல்வர் இருவரும் ஆளுக்கொன்று வாங்கி வந்திருந்தார்கள். மூத்தவன் பெரிய கடையில் வாங்கினான். இளையவன் நடைபாதையில் அதில் கால் பங்கு விலைக்கு வாங்கினான். "அண்ணா ஏமாந்து விட்டான், மாமா!" என்று இளையவன் நம்மிடம் வந்து சிரித்தான்.

மூன்றாவது சலவைக்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. அவனுடைய புலியின் முகம் கோடைகாலத்து ஏரியைப் போல் வெடித்து, மூக்கும் பாதி உதிர்ந்து போயிற்று. மூத்தவனுடைய புலியோ மீசையில் ஒரு மயிர்கூடக் குறையாமல் உறுமிக் கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் கையை ஓட்டினால், துணி எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்பதே விரலுக்குப் புலப்படவில்லை. இந்த வித்தியாசத்தின் காரணத்தை விசாரிக்கப் புகுந்தோம்.

துளைத் தகட்டை வாசலில் வைத்து, மாவைத் தேய்த்துக் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன் பிரிண்டிங் என்னும் திரை அச்சின் தத்துவமும் அதுதான். துளை உள்ள இடத்தில் வர்ணம் இறங்கும். மற்ற இடத்தில் இறங்காது. ஆனால் தகட்டில் ஒரு சைபரை வெட்டிப் பாருங்கள்: நடுவிலுள்ள வட்டம் பிடிப்பில்லாமல் கீழே விழுந்துவிடும். இந்தச் சங்கடத்துக்கு ஜப்பானியர் அழகான பரிகாரம் கண்டார்கள். இஸே பிரதேசத்து ஷிரோக்கோ என்னும் ஊரில், முசுக்கொட்டைப் பட்டையிலிருந்து செய்த காகிதத்தை பெர்சிமன் பழத்தின் துவர்ச் சாற்றில் தோய்த்துக் கெட்டியாக்கி, அதில் சித்திரங்களை வெட்டினார்கள். அந்தரத்தில் நிற்க வேண்டிய துண்டுகளை மெல்லிய பட்டு நூல்கள் தாங்கிக் கொண்டன.

சில நூல்களுக்குப் பதிலாக முழு வலையையே சட்டத்தில் இழுத்துக் கட்டினால் என்ன? மாவு சலிக்கும் ஆலைகளில் அதற்கேற்ற பட்டு வலை ஏற்கெனவே இருந்தது. அவ்விதப் பட்டுத் திரையில் அச்சிடும் முறைக்கு 1907-ல் காப்புரிமை பெற்றவர் மான்செஸ்டர்வாசியான ஸாமுவேல் ஸைமன். மான்செஸ்டர் என்றதும் நம்மவர்களுக்கு வேறு ஞாபகங்கள் வருவது இயல்பே. அந்த ஊர்த் துணி நம் தறிகளுக்குச் செய்த உபகாரம் நாடறிந்தது! ஆயினும் நல்ல யுக்தியை நல்லதென்று ஒப்புக்கொள்வதில் நமக்கு ஆட்சேபமில்லை.

பிறகு இக்கலை அமெரிக்காவுக்குச் சென்றது. 1930களின் பிற்பகுதியில், வேலையில்லாத கலைஞர்களுக்காக அரசாங்கம் நடத்திய திட்டத்தில், அந்தோணி வெலோனிஸ் என்பவர் நியூயார்க்கில் இதைச் சித்திரக்காரர்களுக்குக் கற்பித்தார். பனியனுக்கு இதை உரியதாக்கிய பெருமை மைக்கேல் வாஸிலன்டோன் என்பவரைச் சேரும். பந்து உருட்டி விளையாடும் கோஷ்டிகளின் சட்டைகளில் பெயர் பொறிப்பதற்காக, 1960-ம் வருஷத்தை ஒட்டி, பல வர்ணச் சுழல் யந்திரம் ஒன்றை அவர் செய்தார். 1969-ல் காப்புரிமை கிடைத்தது. திருவிழாக் குடை ராட்டினத்தை நினைத்துக் கொள்ளுங்கள்: ஒவ்வொரு பலகையிலும் ஒரு சட்டை, ஒவ்வொரு நிலையிலும் ஒரு வர்ணத்தின் திரை. ஒரு சுற்று வந்தால் படம் முடிந்தது.

வெள்ளைத் துணியில் அச்சிடுவது அவ்வளவு கடினமல்ல. கறுப்புத் துணியில்தான் தொழிலாளியின் சாமர்த்தியம் வெளிப்படும். கறுப்பின்மேல் மஞ்சளைத் தடவினால் மஞ்சள் தெரியாது. முதலில் வெள்ளையை அடியில் இட்டு, சூடு காட்டிச் சற்றே இறுகச் செய்து, அதன்மேல் மற்ற வர்ணங்களை ஏற்ற வேண்டும். மலிவு வேலைக்காரர் இந்த வெள்ளையைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல் அப்பிவிடுகிறார். பெரும்பாலும் அந்த மை பிளாஸ்டிஸால் என்னும் பிளாஸ்டிக் குழம்பு. அது காற்றில் உலராது. ஏறக்குறைய 160 டிகிரி சென்டிகிரேட் சூடு அடிவரை பாய்ந்தால்தான் முற்றும். கனமாக அப்பி அவசரமாக இறக்கினால் மேலே வெந்து உள்ளே வேகாத தோசைதான்! நம் இளைய மருமகனின் புலிக்கு நேர்ந்த கதி இதுவே.

கைதேர்ந்தவர் செய்வது வேறு. புலியின் உரோமத்தைப் பல்லாயிரம் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு திரை தயாரிக்கிறார். வலைமீது பசையைப் பூசி, படத்தின் பிலிமை வைத்து ஒளி காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடம் தண்ணீரில் கரைந்து துளையாகும். நுட்பமான புள்ளிகளுக்கு அங்குலத்துக்கு 230, 305 நூல்கள் ஓடும் வலை வேண்டும். இப்போது அந்த வலை பட்டு அல்ல, பாலியெஸ்டர். புள்ளி வரிசைகளின் சாய்வு தவறினால் புலியின் நெற்றியில் வேண்டாத அலைகள் தோன்றும். ரப்பர் விளிம்பு வைத்த கட்டையால் மையை இழுக்கையில் அதிகம் அழுத்தினால் புள்ளிகள் பரந்து, கோடெல்லாம் கறையாகும். எவ்வளவு மை போடுவது என்பதைவிட எவ்வளவு போடாமல் இருப்பது என்பதில்தான் இவருடைய கைத்திறன் இருக்கிறது.

வெள்ளையே வேண்டாமென்று செய்யும் முறையும் உண்டு. அதற்கு டிஸ்சார்ஜ் என்று பெயர். நீர் மையில் துத்தநாகம் சேர்ந்த ஒரு ரசாயன உப்பைக் கலந்து அச்சிட்டுச் சூடேற்றினால், அது பருத்தி நூலிலுள்ள கறுப்புச் சாயத்தைக் கழற்றிவிடும். அந்த இடத்தில் புது வர்ணம் குடியேறும். துணியின்மேல் எதுவும் ஒட்டியிராததால் வெடிப்பதற்கும் எதுவுமில்லை. மூத்தவனுடைய புலி இந்த ஜாதி. அதை வாங்கி வந்த அன்று ஒரு காரமான நெடி வீசியதும், முதல் சலவையில் அது போய்விட்டதும் நமக்கு நினைவுக்கு வந்தன.

அச்சிடுகிறவருக்கு அது போவதில்லை. சூடேற்றும்போது பார்மால்டிஹைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வகைப்படுத்தியது.

சட்டையின் உட்புறம் திருப்பூர் என்று கண்டிருந்தது. அவ்வூரில் ஒரு பட்டறையைப் பார்க்கச் சென்றோம். அங்கே ராட்டினம் இல்லை. கல்யாணப் பந்தி போல் நீண்ட மேஜைகள். அவற்றில் தைப்பதற்கு முன் வெட்டிய துணிகள் ஒட்டிக் கிடந்தன. இருவர் திரையைத் தூக்கிக்கொண்டு துணிக்குத் துணி நகர்ந்தார்கள். மேஜையின் கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் முதல் துணி உலர்ந்துவிடுகிறது; அடுத்த வர்ணம் ஏறுகிறது. திரை ஒரு மயிரிழையும் பிசகவில்லை. முப்பது வருஷமாகக் கட்டை இழுக்கும் பெரியவர், "படம் கண்ணுக்குத் தெரியோணும், கைக்குத் தெரியக்கூடாதுங்க" என்றார்.

நமக்கு அங்கே கண் எரிந்தது. சுவரில் பெரிய விசிறி ஒன்று இருந்தும் ஓடவில்லை. ஏன் என்று கேட்டோம். நீர் மை காற்றுப் பட்டால் வலையிலேயே காய்ந்து துளைகளை அடைத்துவிடுமாம். அப்படியானால் சூடேற்றும் பெட்டிக்கு நேர் மேலே புகைபோக்கி வைத்து உறிஞ்சிவிடலாமே, மேஜைப் பக்கம் காற்று வராதே என்றோம்.

"வெக்கலாமுங்க. முதலாளி பாக்கலாம்னு சொல்லியிருக்காருங்க" என்று சொல்லிவிட்டு, பெரியவர் கட்டையைத் துடைத்து அடுத்த துணிக்கு நகர்ந்தார்.