புது போப் யார் பக்கம்? உலகம் கேட்ட கேள்வியும் கேட்க மறந்த கேள்வியும்

2025 மே 8. வாடிகனில் மாலை 6 மணி தாண்டிய சில நிமிடங்களில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் புகைபோக்கியில் வெள்ளைப் புகை எழுந்தது. புனித பேதுரு சதுக்கத்தில் காத்திருந்த கூட்டம் ஆர்ப்பரித்தது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து, கர்தினால் டொமினிக் மாம்பெர்த்தி மாடத்துக்கு வந்து லத்தீன் மொழியில் பெயரை அறிவித்தார். கைதட்டலுக்கு நடுவே பலரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: 'யார் இவர்?'

ராபர்ட் பிரான்சிஸ் ப்ரீவோஸ்ட், அப்போது வயது 69. அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்தவர், அகுஸ்தீனார் சபைத் துறவி, பெரு நாட்டில் ஆயராக இருந்தவர். இப்போது 140 கோடி கத்தோலிக்கர்களின் தலைவர், போப் 14-ம் லியோ.

அந்தக் கேள்விக்கு அடுத்த சில மணி நேரத்தில் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். 'எங்க ஊர்க்காரர்' என்றது ஒரு நாடு. 'இல்லை, எங்கள் ஆள்' என்றது இன்னொரு நாடு. 'நம்ம கட்சி' என்றார்கள் சிலர், 'எதிர்க்கட்சி' என்றார்கள் சிலர். இத்தனை சத்தத்தில் முக்கியமான ஒரு கேள்வி மட்டும் ஓரமாகப் போய்விட்டது.

ஏன் இவ்வளவு ஆச்சரியம்?

பிரான்சிஸ் ஏப்ரல் 21-ம் தேதி மறைந்ததில் இருந்தே அடுத்த போப் யார் என்ற கணிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. இத்தாலியின் பரோலின், பிலிப்பைன்ஸின் தாக்லே ஆகிய பெயர்கள்தான் அதிகம் அடிபட்டன. ஆசியாவில் இருந்து ஒருவர் வர வேண்டும், ஆப்பிரிக்காவில் இருந்து ஒருவர் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் பலமாக இருந்தது. ஆனா, அமெரிக்கர் ஒருவர் வருவார் என்று நினைத்தவர்கள் குறைவு. ஏற்கெனவே வல்லரசாக இருக்கும் நாட்டுக்கு போப் பதவியையும் கொடுக்க மாட்டார்கள் என்பதுதான் பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த கணக்கு.

இந்தியாவைச் சேர்ந்த 4 பேர் உட்பட 133 கர்தினால்கள் வாக்களித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 89 வாக்குகள் தேவை. நான்காவது சுற்றிலேயே முடிவு வந்துவிட்டது.

சிகாகோவும் சிக்லாயோவும்

சிகாகோவில் பெரிய சண்டையே பேஸ்பாலை வைத்துத்தான். புது போப் கப்ஸ் ரசிகர் என்று ஒரு தரப்பு கிளப்பிவிட்டது. 'கிடையவே கிடையாது, அவன் ஒயிட் சாக்ஸ் ரசிகன்' என்று அவருடைய அண்ணனே டிவி பேட்டியில் சொன்ன பிறகுதான் விவகாரம் அடங்கியது. 2005 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் அவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் காட்சியையும் தேடி எடுத்துவிட்டார்கள்.

பெருவில் மகிழ்ச்சி வேறு மாதிரி. அவர் 2015 முதல் 2023 வரை ஆயராக இருந்தது அந்நாட்டின் வடக்கே உள்ள சிக்லாயோவில். 2015-ல் பெரு குடியுரிமையும் பெற்றார். வெள்ளத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டு நிற்கும் அவருடைய படம் நாடு முழுக்கப் பரவியது. கொரோனா காலத்தில் ஆக்சிஜன் ஆலைக்கு நிதி திரட்டியதை, வெனிசுலாவில் இருந்து வந்த அகதிகளுக்கு உதவியதை மக்கள் நினைவுகூர்ந்தார்கள். மாடத்தில் நின்று பேசிய முதல் உரையில் அவர் இத்தாலிய மொழியை நிறுத்தி, ஸ்பானிஷ் மொழியில் சிக்லாயோ மக்களுக்கு வாழ்த்துச் சொன்னார். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அமெரிக்காவில் சிலருக்கு அது உறுத்தியது.

வாஷிங்டனுக்கு மகிழ்ச்சியா, எரிச்சலா?

இரண்டும்தான். ஒரு வாரத்துக்குள் முன்பு, போப் உடையில் தான் இருப்பது போன்ற செயற்கை நுண்ணறிவுப் படத்தைப் பகிர்ந்து கண்டனம் வாங்கிய அதிபர் டிரம்ப், இது நாட்டுக்குப் பெருமை என்று வாழ்த்தினார். ஆனா, அவருடைய ஆதரவாளர்கள் சிலர் ப்ரீவோஸ்ட் பெயரில் உள்ள எக்ஸ் கணக்கைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். குடியேறிகள் விஷயத்தில் துணை அதிபர் ஜே.டி.வான்ஸ் சொன்ன கருத்து தவறு என்று வாதிடும் ஒரு கட்டுரை பிப்ரவரியில் அதில் பகிரப்பட்டிருந்தது. உடனே 'மார்க்சியவாதி' என்ற முத்திரை விழுந்தது.

மறுபக்கம் கொண்டாடியவர்களுக்கும் அதிர்ச்சி காத்திருந்தது. தன்பாலின உறவுகளை விமர்சித்து அவர் 2012-ல் பேசியது வெளியே வந்தது. இல்லினாய் மாகாண வாக்குப்பதிவு ஆவணங்களைப் பார்த்தால், குடியரசுக் கட்சியின் உள்கட்சித் தேர்தல்களில் அவர் வாக்களித்திருக்கிறார்.

அப்போ இவர் இடதா, வலதா?

கேள்வியே பொருந்தாது. கருக்கலைப்பை எதிர்ப்பதும், குடியேறிகளைக் காக்கச் சொல்வதும் ஒரே திருச்சபையின் போதனைகள். அமெரிக்க அரசியலில் இவை இரண்டும் எதிரெதிர் முகாம்களில் இருக்கின்றன. அந்த அளவுகோலை வைத்து எந்தப் போப்பை அளந்தாலும் பாதிதான் பொருந்தும்.

அவர் பெயரைத் தேர்ந்தெடுத்த காரணத்தைப் பார்த்தாலும் இது புரியும். தொழிற்புரட்சிக் காலத்தில் தொழிலாளர் உரிமை பற்றி 1891-ல் 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை எழுதியவர் 13-ம் லியோ. இன்று செயற்கை நுண்ணறிவு மனித உழைப்புக்கும் கண்ணியத்துக்கும் சவாலாக நிற்பதால்தான் அந்தப் பெயர் என்று மே 10-ம் தேதி கர்தினால்களிடம் அவர் விளக்கினார். தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையை ஆதரித்த அதே 13-ம் லியோ, சோசலிசத்தைக் கடுமையாக எதிர்த்தவரும்கூட.

சத்தத்தில் அமுங்கிய குரல் எது?

பாதிரியார்களின் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் குரல்தான்.

அமெரிக்காவைச் சேர்ந்த 'ஸ்னாப்' என்ற பாதிக்கப்பட்டோர் அமைப்பு இரண்டு விஷயங்களை எழுப்புகிறது. ஒன்று, 2000-ம் ஆண்டு வாக்கில் சிகாகோ பகுதி அகுஸ்தீனார் சபைக்கு ப்ரீவோஸ்ட் பொறுப்பாளராக இருந்தபோது, குற்றச்சாட்டுக்கு ஆளான ஒரு பாதிரியார் பள்ளிக்கூடத்துக்கு அருகில் உள்ள துறவியர் இல்லத்தில் தங்க அனுமதிக்கப்பட்டார் என்பது. இரண்டு, சிக்லாயோவில் 3 பெண்கள் 2022-ல் கொடுத்த புகார் சரியாக விசாரிக்கப்படவில்லை என்பது. திருச்சபைத் தரப்பு இதை மறுக்கிறது. சிக்லாயோ புகாரில் விதிப்படி விசாரித்து, கோப்பு வாடிகனுக்கு அனுப்பப்பட்டது என்கிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெருவில் பல ஆண்டுகள் செல்வாக்கோடு இருந்த 'சோடாலிசியோ' அமைப்பின் கொடுமைகள் வெளிவந்தபோது, பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்ற மிகச் சில ஆயர்களில் ப்ரீவோஸ்டும் ஒருவர் என்று அந்த விவகாரத்தை அம்பலப்படுத்திய பத்திரிகையாளர்கள் சொல்கிறார்கள். அந்த அமைப்பு 2025-ல் கலைக்கப்பட்டது.

ஆக, பாதிக்கப்பட்டவர்களிலேயே ஒரு பகுதியினர் நம்பிக்கையோடும், இன்னொரு பகுதியினர் வேதனையோடும் அவரைப் பார்க்கிறார்கள். இதைத்தான் பேஸ்பால் தொப்பியும் மீம்ஸும் மூடிவிட்டன.

ஏன் இதுதான் முக்கியம்?

குடியேறிகள் பற்றி போப் பேசலாம். போரை நிறுத்தச் சொல்லலாம். கேட்பதும் கேட்காததும் அரசுகளின் கையில். ஆனா, தவறு செய்தவரை மறைத்த ஓர் ஆயரை விசாரிக்கவும், பதவியில் இருந்து நீக்கவும் போப்புக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆயர்கள் மீதான புகார்களை விசாரிக்க 2019-ல் பிரான்சிஸ் கொண்டுவந்த விதிமுறை கையில் இருக்கிறது. ஆயர்களுக்கான வாடிகன் துறைக்கு 2023 முதல் தலைமை வகித்தவரே இன்று போப். அந்த இயந்திரம் எங்கே ஓடும், எங்கே சிக்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

மாடத்தில் அவர் சொன்ன முதல் வார்த்தைகள், உங்கள் அனைவருக்கும் அமைதி உண்டாகட்டும் என்பதுதான். உலகம் அதை உக்ரைனுக்கும் காஸாவுக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டது. நியாயம்தான். ஆனா, சொந்த வீட்டுக்குள் நீதி கிடைக்காமல் காத்திருப்பவர்களுக்கும் அந்த வாழ்த்து சேர வேண்டும். போப் யார் பக்கம் என்று தெரிந்துகொள்ள அவருடைய பழைய பதிவுகளைத் தோண்டிக்கொண்டிருப்பதில் பலன் இல்லை. ஓர் ஆயர் மீது அடுத்த புகார் வரும்போது, அந்தக் கோப்பில் அவர் என்ன எழுதுகிறார் என்று பார்த்தால் போதும்.