நோன்பும் நெஞ்செரிச்சல் மருந்தும்

ரமழான் நெருங்கினால் என்னிடம் வரும் சந்தேகங்களில் பாதி மார்க்கம் பற்றியவை; மீதி வயிற்றைப் பற்றியவை. "மௌலவி, சஹருக்கு ஒமிப்ரசோல் போட்டும் அஸருக்குப் பிறகு நெஞ்சு எரிகிறதே?" என்பார்கள். எப்போது போட்டீர்கள் என்று கேட்டால், சாப்பிட்டு முடித்து, கடைசி மிடறு தண்ணீரோடு என்பார்கள்.

கோளாறு அங்கேதான். இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளித்தள்ளும் நுண்ணிய பம்பிகள் உள்ளன. உணவு வரும்போதே அவற்றில் பெரும்பாலானவை விழிக்கும். ஒமிப்ரசோல் விழித்த பம்பியை மட்டுமே பூட்டும். மருந்து இரத்தத்தில் ஓரிரு மணித்தியாலமே இருக்கும். ஆயினும் பூட்டிய பம்பி இலகுவில் திறக்காது. ஒரு நாளளவு பலன் நிற்கும். ஆகவே சஹர் உணவுக்கு அரைமணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். இரவு வேளைக்கென எழுதித் தந்திருந்தால், நோன்பு துறக்கும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, மஃரிப் தொழுதபின் உண்ணலாம். முழுப் பலனுக்கு மூன்று நான்கு நாட்களாகும் என்பதால், தலைப்பிறை கண்ட இரவில் ஆரம்பிப்பது தாமதமே.

சிலர் ஜெலட்டினுக்குப் பயந்து கூட்டை உடைத்து, உள்ளேயுள்ள மணிகளை அரைத்துக் கரைத்துக் குடிக்கிறார்கள். பேணுதல் நல்லதுதான். ஆனால் அமிலம் இம்மருந்தையே அழித்துவிடும் என்பதாலேயே அம்மணிகளுக்குப் பூச்சிட்டிருக்கிறார்கள். அரைத்தால் மருந்து வீண். அதைவிட, வில்லையாக வரும் பென்டொபிரசோல் பொருந்துமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

பெயர்களும் ஏமாற்றும். பேராதனை மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதி பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தை வியாபாரப் பெயரால் அன்றி மூலப்பெயரால் எழுத வேண்டுமென்று போராடியவர். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் முயற்சியால் உருவானது. இன்றும் ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் வாங்கி இரண்டையும் விழுங்குவோர் உண்டு. பெட்டியில் சிறிய எழுத்தில் இருப்பதை வாசியுங்கள். ரனிடிடின் பழையது வீட்டில் கிடந்தால் எறிந்துவிடுங்கள். 2019இல் அதில் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய மாசு கண்டுபிடிக்கப்பட்டுப் பல நாடுகளில் நிறுத்தப்பட்டது.

இன்னொன்று: குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் காரமன்று, ஒரு கிருமி, அல்லது மூட்டுவலி மாத்திரை. கிருமியைக் கண்டறிந்த மார்ஷலும் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். கிருமி இருந்தால் அன்டிபயோட்டிக்கும் சேர்ந்தாலே புண் நிரந்தரமாக ஆறும். வருடக்கணக்கில் தானாகவே பாமஸியில் ஒமிப்ரசோல் வாங்குவோர் இதைச் சோதிப்பதில்லை. உள்ளே வேறு நோயிருந்தால், எரிச்சல் அடங்குவதே அதை மறைத்தும் விடும்.

மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்தம் வாந்தியெடுத்தாலோ மஃரிப் வரை காத்திருக்காதீர்கள். நோன்பை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை அது. சுகமானபின் கழாச் செய்துகொள்ளலாம்.