நாய் சிரிக்கலைங்க, மூச்சு வாங்குது!

ரொம்ப நாளா அடக்கி வச்சிருந்த கடுப்பு இது. அடிக்க வர்றவங்க வரிசையில வாங்க. நானும் நாய் வளர்க்கிறவன்தான். மணின்னு ஒரு கருப்பு நாட்டு நாய், எட்டு வருஷமா எங்க வீட்டுல இருக்கான். சனி ஞாயிறு ஆனா கேமராவைத் தூக்கிக்கிட்டு அவன் பின்னாடியே சுத்துறதுதான் நமக்குப் பொழுதுபோக்கு. அதனால இது நாய்க்கு எதிரான பதிவு இல்லை. நாய்ப்படம் போடுறவங்களுக்கு எதிரான பதிவு.

எங்க ஊர் ஆர்.கே.பேட்டை, திருத்தணிப் பக்கம். கோடையில 40 டிகிரி தாண்டின ஊர்கள் பட்டியல்ல திருத்தணி பேரு அடிக்கடி வரும், கேட்டிருப்பீங்க. அந்த வெயில்ல, ஷீட் போட்ட தறிக்கொட்டகை ஓரமா உட்கார்ந்திருக்கிற ஒரு பக் நாயோட படத்தைச் சொந்தக்காரர் ஒருத்தர் அனுப்பினார். வாய் காது வரைக்கும் திறந்திருக்கு, நாக்கு நீளமா தொங்குது. கீழ ஒரு வரி: "செல்லம் எப்படிச் சிரிக்குது பாருங்க!"

சிரிக்கலைங்க. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, பாதத்துல மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மத்தபடி நாக்கு, மூக்கு வழியா ஈரம் ஆவியானாத்தான் சூடு இறங்கும். அதுக்கு மூக்கு ஒழுங்கா இருக்கணும். அழகுக்காகத் தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்து, பக்கோட மூஞ்சியைச் சப்பையாக்கினது மனுஷன். எலும்பு குறுகிப் போச்சு, மூக்குத் துவாரம் சுருங்கிப் போச்சு, உள்ள இருக்கிற அண்ணத்துச் சதை மட்டும் அந்த அளவுக்குக் குறையலை. அது மூச்சுப் பாதையை அடைக்குது. கேபினெட்டைச் சின்னதாக்கி ஃபேனையும் அடைச்சுட்டா ப்ராசசர் என்ன ஆகும்? (பொட்டி தட்டுறவனுக்கு இந்த உவமைதான் வரும்.) அந்தப் படத்துல இருந்தது ஆபத்து அறிகுறி. அதுக்குத் தேவை தண்ணியும் நிழலும். கிடைச்சது முப்பது ஹார்ட்டின்.

"படம்தானே பாஸ், அதுல என்ன வந்துடப் போகுது?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு பழைய கதை. 2003-ல ஹட்ச் விளம்பரம். ஒரு சின்னப் பையன் போற இடத்துக்கெல்லாம் ஒரு பக் பின்னாடியே போகும். அவ்வளவுதான் விளம்பரம். அதுக்கப்புறம் நாடு முழுக்க பக் குட்டிக்கு அலைஞ்சாங்க. 2007-ல ஹட்ச் வோடஃபோன் ஆச்சு, அந்தப் பேரும் அப்புறம் மாறிடுச்சு. நாய் மட்டும் எங்க ஊர் வெயில்ல மாட்டிக்கிச்சு. ஒரு நல்ல படம் செய்யற வேலை இது.

அடுத்தது "தப்பு பண்ணிட்டு முழிக்கிறான்" வகைப் படங்கள். கிழிஞ்ச தலகாணி, பக்கத்துல தலை குனிஞ்ச நாய். 2009-ல அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. தின்பண்டத்தைத் தொடாத நாயைக்கூட, தின்னுடுச்சுன்னு ஓனர்கிட்ட சொல்லித் திட்ட வச்சாங்க. அதுவும் அதே முழிதான் முழிச்சுது. அந்த முழி வர்றது திட்டினதுக்காக, செஞ்ச தப்புக்காக இல்லை. அப்ப நாம ரசிச்சு ரசிச்சு எடுக்கிறது என்ன படம்? பயந்துபோன ஒரு உயிரோட படம்.

"நாங்க நாட்டு நாய் ஆளுங்க"ன்னு மீசை முறுக்குறவங்களும் கொஞ்சம் நில்லுங்க. 2005-ல தபால் துறை ராஜபாளையம் நாய்க்கு ஸ்டாம்ப் போட்டாங்க, சந்தோஷம். 2020-ல பிரதமரே வானொலியில சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் பேர் சொல்லிப் பேசினார், அதுவும் சந்தோஷம். ஆனா ராஜபாளையம்னா தூய வெள்ளைதான் வேணும், மூக்கு ரோஸா இருக்கணும், அப்பதான் படத்துல எடுப்பா இருக்கும்! அந்த இனத்துல காது கேட்காத குட்டிகள் பிறக்கிறது தெரிஞ்ச பிரச்சனை. வெள்ளை நிறத்துக்கும் காது கேளாமைக்கும் மரபணுவிலேயே தொடர்பு உண்டு. குட்டி பின்னாடி நின்னு கை தட்டி, அது திரும்புதான்னு வீடியோ போட்ட ஒரு விற்பனையாளரைக் காட்டுங்க பார்ப்போம்.

தெரு நாய்க்கு வருவோம். 2025 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் டெல்லித் தெரு நாய்களை எல்லாம் காப்பகத்துல அடைக்கச் சொல்லி, பத்து பதினோரு நாள்ல அதையே மாத்தினப்போ ரெண்டு கோஷ்டியும் படத்தாலயே அடிச்சுக்கிட்டாங்க. இந்தப் பக்கம் பல்லைக் காட்டுற நாய், அந்தப் பக்கம் கண்ணு கலங்கின நாய். கருத்தடை பண்ணின நாய்க்கு அடையாளமா காதுல ஒரு சின்ன வெட்டு இருக்குமே, அதைக் காட்டி ஒரு படமும் என் கண்ணுல படலை. அந்த வெட்டை ஃபோட்டோஷாப்ல ஒட்டிச் சரி பண்ணின புண்ணியவான் ஒருத்தரை எனக்குத் தெரியும். "ஃபினிஷிங் இல்லை"ன்னாராம்!

எலியட் எர்விட் 1974-ல நியூயார்க்ல எடுத்த படத்துல அந்தக் குட்டி நாய்க்கும் தொப்பி, ஸ்வெட்டர் எல்லாம் உண்டேன்னு யாராவது கேட்பீங்க. உண்டு. அது நியூயார்க். இது ஆர்.கே.பேட்டை. அதோட அந்த மனுஷன் கேமராவை நாயோட உயரத்துக்கு இறக்கினார். நாம நின்ன இடத்துலேருந்து குனிஞ்சு, லென்ஸை மூஞ்சிக்கு நேரா நீட்டுறோம். நேருக்கு நேர் முறைக்கிறது நாய் பாஷையில மிரட்டல். அது உதட்டை நக்கி, கண்ணோட வெள்ளை தெரிய முகத்தைத் திருப்பிக்கிட்டா "வெட்கப்படுறா"ன்னு ஒரு கமெண்ட் வேற.

மணி உதட்டை நக்கினா நான் கேமராவை மூடி வச்சுடுவேன். எட்டு வருஷத்துல உருப்படியா முப்பது படம் தேறியிருந்தா அதிகம், அதுலயும் பாதியில கருப்பு நிறம் சாம்பலாத்தான் தெரியும். போகட்டும்.

குட்டி வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு. விக்கிறவர் கூடையில ரிப்பன் கட்டின குட்டியோட படம் அனுப்புவார். தாய் நாய் கட்டிக் கிடக்கிற இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. என்ன பதில் வருதுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க.